வேலை போன கட்டடக் கலைஞரும் நூறு எழுத்துக் கட்டைகளும்

போர்டு கேம் ஒன்றை நாமே உருவாக்கிப் பார்க்கலாம் என்ற ஆசை வந்தால் பலரும் முதலில் செய்வது பெட்டிக்குப் படம் வரைவது. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு வாரம் கோபுரம், யானை, தாமரை என்று வரைந்து தள்ளினேன். உள்ளே என்ன ஆட்டம் இருக்கப்போகிறது என்று வீட்டில் கேட்டபோது முழித்தேன். அப்புறம்தான், இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்ட மற்றவர்கள் எங்கே ஆரம்பித்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்தவர்களில் மனசுக்கு நெருக்கமாகிப்போனவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கியவர். கோடு போடுவதே அவருக்குத் தொழில். ஆனாலும் அவர் படத்தில் ஆரம்பிக்கவில்லை, எண்ணிக்கையில் ஆரம்பித்தார்.

பட்ஸ் 1899-இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி ஊரில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்துவிட்டு நியூயார்க் நகரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1929-இல் பங்குச் சந்தை விழுந்தது. புதுக் கட்டடம் கட்ட யாரிடமும் காசு இல்லை. 1931-இல் இவருக்கு வேலை போயிற்று. அப்போது வயது 32. குவீன்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்ற இடத்தில் மனைவி நீனாவுடன் குடியிருந்தார். நீனா முன்பு பள்ளி ஆசிரியை. பட்ஸுக்கு ஓவியத்திலும் கை உண்டு. பிற்காலத்தில் அவர் வரைந்த ஆறு படங்களை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே வாங்கி வைத்தது. ஆனால் பெருமந்தம் என்ற அந்தப் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் படத்தை யார் வாங்குவார்கள்?

சும்மா இருந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து, அதுவரை உலகத்தில் இருந்த ஆட்டங்களை வகை பிரித்து எழுதினார். அவர் கணக்கில் மூன்றே வகை. பகடை, பிங்கோ மாதிரி எண்ணை நம்பிய ஆட்டங்கள் ஒன்று. சதுரங்கம், செக்கர்ஸ் மாதிரி காய் நகர்த்தும் ஆட்டங்கள் இன்னொன்று. எழுத்தைக் கலைத்துச் சொல் சேர்க்கும் ஆட்டங்கள் மூன்றாவது. முதல் வகையில் எல்லாமே அதிர்ஷ்டம். இரண்டாவதில் எல்லாமே திறமை. தெரியாதவன் தெரிந்தவனோடு உட்கார்ந்தால் தோற்பதற்கென்றே உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது வகையில் அப்போது அனகிராம் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலியாக இருந்த இடம் அதுதான் என்று அவருக்குப் பட்டது. அதிர்ஷ்டமும் திறமையும் ஏறக்குறையப் பாதிப் பாதி கலந்த சொல் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்.

இந்த வகைபிரிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘எனக்கு ஓர் ஐடியா’ என்று அவர் குதிக்கவில்லை. கடைத்தெருவில் எந்தக் கடை இல்லை என்று பார்த்துவிட்டு அந்தக் கடையைப் போடுகிறவர் மாதிரி நடந்துகொண்டார்.

அடுத்த கேள்வி: எந்த எழுத்தில் எத்தனை கட்டை? அதற்குத்தான் நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளின் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணிக் கட்டம் போட்டுக் குறித்தார். கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை. கட்டடக் கலைஞருக்குரிய நுணுக்கமான கையெழுத்தில் கோடு கோடாக இழுத்து எண்ணிய வேலை. வெளியிலிருந்து பார்த்தால் வேலையில்லாதவன் பேப்பர் படிக்கிறான் என்றுதான் தோன்றியிருக்கும்.

இன்றைக்கும் ஆங்கில ஸ்கிராபிளில் நூறு கட்டைகள். ஈ 12. ஏ, ஐ இரண்டும் ஒன்பது ஒன்பது. ஓ எட்டு. என், ஆர், டி (T) ஆறு ஆறு. கே, ஜே, எக்ஸ், க்யூ, இசட் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டு. ஆங்கில உரைநடையில் ஈ கிட்டத்தட்ட நூற்றுக்குப் பன்னிரண்டரை வரும். அது அப்படியே கட்டைகளைப் போட்டு வைக்கும் பைக்குள் வந்திருக்கிறது. உயிரெழுத்துக் கட்டைகளை மட்டும் கூட்டினால் 42. ஒருவர் கையில் ஏழு கட்டை என்றால் சராசரியாக மூன்று உயிரெழுத்து அமையும். மூன்று உயிர், நான்கு மெய்: ஆங்கிலத்தில் சொல் கட்ட இதைவிட வசதியான கலவை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் எண்ணியதை அவர் அப்படியே வைத்துவிடவில்லை. என்னைப் பொறுத்தவரை அவருடைய கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கில உரைநடையில் ஈக்கு அடுத்தபடி அதிகம் வருவது டி, நூற்றுக்கு ஒன்பது. பைக்குள் ஆறுதான் இருக்கிறது. எச் நூற்றுக்கு ஆறு வரும். பைக்குள் இரண்டே இரண்டு. காரணம் ‘தி’ (the) என்ற சுட்டுச் சொல். வரிக்கு வரி அது வருவதால் டி, எச் இரண்டின் கணக்கும் வீங்கித் தெரிகிறது. ஆட்டத்தில் யாரும் அதே சொல்லைப் பத்து முறை வைக்கப்போவதில்லை. எஸ் கதை வேறு. ஆங்கிலத்தில் பெரும்பாலான பெயர்ச்சொற்களின் வாலில் எஸ் ஒட்டிப் பன்மை ஆக்கிவிடலாம். தாராளமாகக் கொடுத்தால் எல்லாரும் எஸ் ஒட்டியே பிழைப்பார்கள். அதனால் நான்குக்கு மேல் இல்லை. எண்ணிக்கை ஒரு பக்கம், ஆடுகிறவன் எங்கே குறுக்கு வழி தேடுவான் என்ற யோசனை இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து வைத்த கணக்கு அது. அந்தப் பங்கீட்டில் பின்னால் வந்தவர்கள் கைவைக்கவே இல்லை.

ஆட்டம் மட்டும் உடனே அமைந்துவிடவில்லை. முதல் வடிவத்துக்குப் பெயர் லெக்சிகோ. பலகையே கிடையாது. ஆளுக்கு ஒன்பது கட்டை எடுத்து, மாற்றி மாற்றி நீண்ட சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரம்மி மாதிரி. அப்புறம் அரிதான எழுத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்ந்தது. தன் வரைபடக் கருவிகளை வைத்தே எழுத்துகளை அச்சிட்டு, மரப் பலகையில் ஒட்டி, வெட்டி, செட் செட்டாகச் செய்து தெரிந்தவர்களுக்கு விற்றார். 1934 வரை விற்றது 84 செட். செலவுக்கும் வரவுக்கும் கட்டவில்லை. பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி என்ற இரண்டு பெரிய ஆட்ட நிறுவனங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. காப்புரிமை விண்ணப்பமும் தள்ளுபடி ஆயிற்று.

அவர் சளைக்கவில்லை. சளைக்காததற்கு ஒரு காரணம், அவருக்கு மறுபடி கட்டடக் கலை வேலை கிடைத்துவிட்டது. வீட்டு அடுப்பு இந்த ஆட்டத்தை நம்பி எரியவில்லை. பொழுதுபோக்கின் பெரிய சௌகரியம் அது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தோற்கலாம். 1938 வாக்கில் குறுக்கெழுத்துப் புதிரின் சாயலில் 15-க்கு 15 பலகையைச் சேர்த்தார், கையிருப்பை ஏழு கட்டையாக்கினார், கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ் என்று பெயரிட்டார். 1920-களிலிருந்தே அமெரிக்காவில் குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. தன் கட்டைகளை அதன்மேல் உட்கார வைக்கலாம் என்று தோன்ற அவருக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

பலகை வந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. லெக்சிகோவில் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு தனித்தனியாக ஆடினார்கள். பலகையிலோ நீங்கள் வைத்த சொல்தான் எதிராளிக்குப் படிக்கட்டு. நல்ல சொல் கையில் இருந்தாலும், அதை வைத்தால் சொல்லின் புள்ளியை மூன்று மடங்காக்கும் மும்மடங்குக் கட்டத்துக்கு வழி திறந்துவிடுமே என்று தயங்க வேண்டியிருக்கிறது. பட்ஸ் வகைபிரித்த மூன்று வகையில், காய் நகர்த்தும் வகையின் குணம் இங்கே சொல் ஆட்டத்துக்குள் நுழைகிறது. பையில் கை விடுவது அதிர்ஷ்டம். எங்கே வைப்பது என்பது திறமை. ஏழு வருஷத்துக்கு முன் காகிதத்தில் எழுதிய ஆசை அப்போதுதான் கைகூடியது.

சோதனைக் கூடம் என்று தனியாக எதுவும் இல்லை. ஜாக்சன் ஹைட்ஸில் இருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தின் கூடத்தில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து ஆடவிட்டுப் பார்த்தார். இதில் ஒரு வேடிக்கை, பட்ஸுக்கு ஸ்பெல்லிங் அவ்வளவாக வராது. நீனா வெளுத்துவாங்குவார். ஒரு முறை ‘குயிக்ஸாட்டிக்’ என்ற சொல்லை இரண்டு மும்மடங்குக் கட்டங்களைத் தொடும்படி வைத்து 284 புள்ளி எடுத்தார் என்று சொல்வார்கள். எழுத்துகளின் மதிப்பு 26. இரண்டு மும்மடங்கும் சேர்ந்து ஒன்பது மடங்கானால் 234. ஏழு கட்டையும் தீர்த்ததற்கான 50-ஐச் சேர்த்தால் கணக்குச் சரியாக வருகிறது. தான் உருவாக்கிய ஆட்டத்தில் தானே தோற்பது ஒரு வகையில் நல்ல அறிகுறி. உருவாக்கியவரே எப்போதும் ஜெயித்தால், விதிகளில் அவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஜேம்ஸ் புருனோ. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் இருந்தவர். பட்ஸ் கையால் செய்த செட் ஒன்று அவரிடம் இருந்தது. 1948-இல் பட்ஸிடம் உரிமை வாங்கினார். செட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பட்ஸுக்குச் சிறு தொகை. புருனோ எழுத்துக் கணக்கைத் தொடவில்லை. சிறப்புக் கட்டங்களின் இடத்தை மாற்றினார், விதிகளைச் சுருக்கினார், பலகைக்கு வெளிர் சிவப்பும் நீலமும் பூசினார். ஏழு கட்டையும் தீர்த்தால் 50 புள்ளி என்ற விதியும் அவருடையது என்பார்கள். அப்படியானால் நீனாவின் 284 அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும். பெயரையும் மாற்றினார். ஸ்கிராபிள் என்றால் அவசர அவசரமாகத் துழாவுவது. பைக்குள் கைவிட்டுத் துழாவும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. லெக்சிகோ என்றால் அகராதி வாசனை அடிக்கிறது. கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ் என்றால் ஏற்கெனவே உள்ள ஒன்றின் நகல் மாதிரி இருக்கிறது. பதினேழு வருஷத்தில் பட்ஸுக்கு வராத இந்த யோசனை, வெளியிலிருந்து வந்தவருக்கு வந்தது.

1949-இல் புருனோவின் வீட்டார் 2,400 செட் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார்கள். ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், கட்டை கட்டையாக எழுத்தை அச்சிட்டு, மணிக்கு 12 செட் என்ற வேகத்தில் வேலை நடந்தது. அப்புறம் 1952-இல், நியூயார்க்கின் பெரிய அங்காடியான மேசிஸ் கடையின் தலைவர் விடுமுறைக்குப் போன இடத்தில் இதை ஆடிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் கடையில் இது ஏன் இல்லை என்று கேட்டதாகவும், ஆர்டர்கள் கொட்டியதாகவும் ஒரு கதை உண்டு. எல்லாரும் இந்தக் கதையைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. இருபது வருஷ வேலை முடிந்த பிறகு வந்த லாட்டரிச் சீட்டு அது. தயாரிப்பைச் சமாளிக்க முடியாமல் செல்ச்சோ அண்ட் ரைட்டர் என்ற ஆட்ட நிறுவனத்திடம் கொடுத்தார்கள். முன்பு ஒரு தடவை இதை வேண்டாம் என்று சொன்ன அதே நிறுவனம். 1954-இல் மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் செட் விற்றது.

பட்ஸ் பெரும் பணக்காரர் ஆகவில்லை. வந்ததில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று, இன்னொரு பங்கைக் கொடுத்துவிட்டேன், மீதிப் பங்கில் சந்தோஷமாக வாழ்ந்தேன் என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். கட்டடக் கலை வேலையை அவர் விடவில்லை. 1993-இல், 94 வயது நிறைய சில நாள் இருக்கும்போது இறந்தார். அவர் கூட்டம் சேர்த்து ஆடிய தேவாலயத்தின் தெருமுனையில், 35-ஆவது அவென்யூ என்ற பெயர்ப்பலகையில் ‘அவென்யூ’வின் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழும் ஸ்கிராபிள் மதிப்பைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கூட்டினால் ஒன்பது புள்ளி.

இதே மாதிரிப் பாதையில் நடந்த இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் க்ளாஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யும் கூடம் நடத்தியவர். மாலையில் வீட்டு நிலவறைக்குப் போய் ஆட்டங்களைச் செய்து, வார இறுதியில் மனைவி மக்களிடம் ஆடக் கொடுப்பார். அவர்கள் முகம் சுளித்தால் மறுபடி நிலவறை. 1988-இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டம் விருது கிடைத்த பிறகும் பல் கூடத்தை மூடவில்லை. 1995-இல் அவர் உருவாக்கிய ‘கேட்டான்’ (Catan) என்ற ஆட்டம் வந்து, ஊரெல்லாம் ஆடி, அப்புறமும் சில வருஷம் கழித்துத்தான் விட்டார். பட்ஸைப் போலவே இவருக்கும் வேறு சம்பளம் இருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பட்ஸைப் படித்த சூட்டில் நானும் தமிழ்ப் பேப்பரை எடுத்து எண்ண உட்கார்ந்தேன். எண்ணத் தொடங்கிய சில நிமிஷத்திலேயே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தொடர் மழை காரணமாக பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’. 24 எழுத்து. அதில் திரும்ப வருவது ‘க’ மட்டும்தான். அதாவது 24 எழுத்தில் 23 வேறு வேறு எழுத்து. இதே செய்தியை ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்ஸ் க்ளோஸ்டு டுடே டியூ டு ரெய்ன்’ என்று எழுதினால் 27 எழுத்து, ஆனால் 14 வகைதான். பட்ஸின் நூறு கட்டை ஆங்கிலத்துக்கு ஏன் போதுமானதாக இருக்கிறது, தமிழின் 247-க்கு ஏன் போதாது என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இருந்தாலும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி 247 கட்டையும் செய்தேன். பிடிவாதம். முதல் ஆட்டத்தில் என் கைக்கு ‘ஙௌ’ வந்தது. அதை வைத்துக்கொண்டு யாராவது ஒரு சொல் சொல்லுங்கள் பார்ப்போம்.

அடுத்தது, மெய்க்குத் தனிக் கட்டை, கால், கொம்பு, சுழி இவற்றுக்குத் தனிக் கட்டை. இது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். என் மகள் ‘கொடி’ வைக்கப் பார்த்தாள். “அப்பா, கொம்ப முன்னாடி வச்சு கால பின்னாடி வைக்கணுமா? அப்ப கொ-வுக்கு மட்டும் மூணு கட்டமாப்பா?” என்றாள். ஆமாம், மூன்று கட்டம். மேலிருந்து கீழே வைத்தால் கொம்பு க-வின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. உகரத்துக்குக் கட்டையே செய்ய முடியவில்லை. கு, மு, ரு, டு ஒவ்வொன்றிலும் அது ஒவ்வொரு மாதிரி வளைகிறது.

மூன்றாவதாக வந்ததுதான் இப்போது நாங்கள் ஆடுவது. ‘ம’ என்று எழுதிய கட்டை மகர வரிசை முழுவதற்கும் பொது. ம், மா, மு, மை எதுவாகவும் வைக்கலாம். வைக்கிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுபடி அந்த மழைத் தலைப்பை இந்தக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன். 24 எழுத்து, 13 வகை. க ஐந்து முறை, ம-வும் ள-வும் மும்மூன்று முறை. ஆங்கிலத்தின் 27-க்கு 14 என்ற விகிதத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உயிரெழுத்துகளைச் சேர்த்தாலும் முப்பது வகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கில ஸ்கிராபிளில் வெற்றுக் கட்டையோடு சேர்த்து 27 வகை.

ஆடிப் பார்த்ததில் இரண்டு பிரச்சினை. ப, ட என்ற இரண்டே கட்டையில் படி, பாடு, பீடு, பீடை என்று என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஆட்டம் சப்பென்று போயிற்று. மூன்று கட்டைக்குக் குறைந்தால் செல்லாது என்று விதி போட்டேன். இரண்டாவதுதான் சண்டை. குறுக்கே ‘மலர்’ என்று இருக்கிற ம கட்டையிலிருந்து கீழ்நோக்கி ‘முறுக்கு’ என்று வைக்கலாமா? ஒரே கட்டை இங்கே ம, அங்கே மு. என் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “போங்காட்டம்.” மகள் கட்சி வேறு. அப்படி விட்டால்தான் பலகை நிறைகிறது, இல்லாவிட்டால் பத்தாவது நிமிஷத்தில் எல்லார் கையும் முடங்கிவிடுகிறது என்றாள். நான் வாயைத் திறக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டு விதமாகவும் நாலு நாலு ஆட்டம் ஆடியதில், மகள் சொன்னபடி ஆடிய நான்கும் முடிவுவரை போயின. அம்மா சொன்னபடி ஆடியதில் இரண்டு பாதியில் நின்றன. ஆனால் நின்ற அந்த இரண்டு ஆட்டத்திலும்தான் எல்லாரும் பலகையை அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள்.

இப்போதைக்கு, உயிர் மாற்றி வைத்தால் சொல்லின் புள்ளியில் பாதி என்று வைத்திருக்கிறோம். க ஒன்பது கட்டை, ம ஆறு, ழ இரண்டு. ங-வைத் தூக்கிவிட்டேன், ‘சங்கு’ வைக்க முடியவில்லை என்று அம்மாவுக்கு அதில் வருத்தம். அடுத்த ஞாயிறு ஒரே ஒரு ங கட்டையைத் திரும்பப் போட்டு, எத்தனை புள்ளி கொடுத்தால் சரியாக இருக்கும் என்று பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தின் பெட்டிக்குப் படம் இன்னும் வரையவில்லை.